காற்று பூட்ஸ்: தசைவலிக்கு எதை வாங்கலாம், வீட்டில் யார் போடக்கூடாது

பீளமேடு பாலா | 3 நவம்பர் 2024, இரவு 9:40

வாரத்துல நாலு நாள் ஜிம், ஞாயித்துக்கிழமை நீள ஓட்டம். ஸ்குவாட் போட்ட மறுநாள் மாடிப்படி இறங்க முடியல. ஜிம்ல ஒருத்தர் காத்து ஏறி இறங்குற பூட்ஸ் வெச்சிருக்கார். அரை மணி நேரம் போட்டா லாக்டிக் ஆசிட் எல்லாம் வெளிய போயிடும், மறுநாளே ஃபுல் வெயிட் தூக்கலாம்ங்கறார். ஆன்லைன்ல ஆறாயிரத்துக்கும் இருக்கு, லட்சத்த ஒட்டியும் இருக்கு. நாலு அறை, ஆறு அறை, எட்டு அறைன்னு போட்டிருக்கான். எதை வாங்கறது? தங்கச்சி வீட்டுக்காரர் டிசம்பர்ல அமெரிக்காவுல இருந்து வர்றார், அங்கிருந்தே எடுத்துட்டு வரச் சொல்லிடலாமா? போட்டுப் பாத்தவங்க சொல்லுங்க.

ஓட்டக்காரி | 3 நவம்பர் 2024, இரவு 11:05

லாக்டிக் அமிலத்தை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் தம்பி. பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அது தானாகவே பழைய அளவுக்கு வந்துவிடும். உங்களை மறுநாள் படியிறங்க விடாமல் செய்வது அது இல்லை. பாரத்தோடு கீழே இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. அப்போது இழைகளில் நுண்ணிய சேதம் ஆகிறது, அதைச் சரிசெய்ய உடம்பு வேலை தொடங்குகிறது, அந்த வேலைதான் வலி. அரை நாளுக்கு மேல் கழித்துத் தலைகாட்டும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம். பூட்ஸ் வெளியே தள்ள அங்கே அமிலம் எதுவும் மிச்சமில்லை.

அதற்காக பூட்ஸே வீண் என்று சொல்லவில்லை. நான் வைத்திருக்கிறேன், பிடித்துத்தான் போடுகிறேன். காலை விரிவாக எழுதுகிறேன்.

ஓட்டக்காரி | 4 நவம்பர் 2024, காலை 6:20

எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பது பாதி முடிவாகிவிடும்.

இடுப்புக்குக் கீழ் வரை வரும் நீளமான பை. உள்ளே தனித்தனிக் காற்று அறைகள். பாதத்தில் முதலில் காற்று ஏறும், பிறகு கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று மேலேறும். பால் கறக்கத் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முதலில் மூடிக்கொள்ளும், மற்ற விரல்கள் வரிசையாக அழுத்தும், பால் வந்த வழியே திரும்பாது. பூட்ஸிலும் கீழ் அறை பிடித்துக்கொண்டிருக்க மேல் அறை அழுத்துகிறது. நரம்புகளில் (சிரைகளைத்தான் சொல்கிறேன்) தேங்கிய ரத்தமும் தசையிடுக்கில் ஊறிய நீரும் மேல்நோக்கிப் போகின்றன. நடக்கும்போது கெண்டைத்தசை சுருங்கிச் சுருங்கிச் செய்கிற அதே வேலை. படுத்திருப்பவருக்கு இயந்திரம் செய்து தருகிறது.

இது விளையாட்டுக்காரர்களுக்காகப் பிறந்த பொருளே அல்ல. அறுவை சிகிச்சை முடிந்து படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் காலில் ரத்தம் உறையாமல் இருக்க மருத்துவமனையில் இதைத்தான் கட்டுகிறார்கள். நிணநீர் தேங்கிக் கால் வீங்கியவர்களுக்கும் இதுதான். இன்று ஓட்டக்காரர்கள் வாயில் அதிகம் அடிபடும் நார்மாடெக் என்ற பிராண்ட் கூட அப்படித் தொடங்கியதே. லாரா ஜேக்கப்ஸ் என்ற மருத்துவர், உயிரிப் பொறியியலும் படித்தவர், நோயாளிகளுக்காக 1998-ல் தொடங்கினார். பிறகு விளையாட்டு அணிகள் எடுத்துக்கொண்டன. 2020-ல் ஹைப்பரைஸ் என்ற நிறுவனம் அதை வாங்கியது.

மருத்துவப் பொருள் என்பதை மறக்க வேண்டாம். இதற்கு நான் திரும்பி வருவேன்.

ஓட்டக்காரி | 4 நவம்பர் 2024, இரவு 10:15

"மறுநாளே ஃபுல் வெயிட்" என்பதற்கு வருகிறேன். எனக்குத் தெரிந்து இந்தக் கேள்வியை நேராகப் பார்த்த ஆய்வு கலிபோர்னியாவில் நடந்தது. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்ற 161 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டம். ஏற்றத்தைவிட இறக்கம் அதிகம், மொத்தம் ஏறக்குறைய 7,000 மீட்டர் இறங்க வேண்டும். தொடையை நார் நாராக்குவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 2015-ல் ஓடி முடித்த 72 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு 20 நிமிடம் மசாஜ், ஒரு கூட்டத்துக்கு 20 நிமிடம் காற்று பூட்ஸ், ஒரு கூட்டம் 20 நிமிடம் சும்மா மல்லாந்து படுத்தது. பிறகு மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் 400 மீட்டர் முழு வேகத்தில் ஓடவிட்டார்கள்.

மசாஜும் பூட்ஸும் அப்போதைக்கு அசதியைக் குறைத்தன. வலி அந்த நேரத்தில் குறைந்தது மசாஜ் கூட்டத்துக்கு. ஆனால் அடுத்த நாட்களில் வலியிலும் சரி, 400 மீட்டர் நேரத்திலும் சரி, சும்மா படுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இதைப் படித்துவிட்டு "அப்போ ஏமாத்து" என்று யாரும் எழுத வேண்டாம். அசதி குறைந்த உணர்வும் ஒரு பயன்தான். நீள ஓட்டம் ஓடிய இரவில் கால் குடைச்சலில் தூக்கம் வராமல் புரள்பவள் நான். பூட்ஸ் போட்ட இரவில் தூங்குகிறேன். தசையைச் சரிசெய்வது அந்தத் தூக்கம். ஜிம் அண்ணன் சொன்ன மாதிரி மறுநாள் ஃபுல் வெயிட்டுக்குப் பூட்ஸை நம்பி இறங்காதீர்கள். வலி குறைந்தாலும் பலம் திரும்பியிருக்காது. அந்த இடைவெளியில்தான் முழங்கால் போகும்.

ஓட்டக்காரி | 5 நவம்பர் 2024, பிற்பகல் 1:30

தனிச்செய்தியில் ஒருவர்: "எங்க கடையில 200 வரைக்கும் அழுத்தம் போற மாடல் இருக்கு, 100 எல்லாம் சும்மா."

இல்லை. அழுத்தத்தை மி.மீ. பாதரசத்தில் சொல்கிறார்கள், பிபி பார்க்கிற அதே அளவு. படுத்திருக்கும்போது கால் சிரைகளுக்குள் இருக்கும் அழுத்தம் மிகக் குறைவு, 10, 20 அளவில்தான். அதைப் பிதுக்கிவிட 40, 50 தாராளம். மருத்துவமனையில் ரத்த உறைவைத் தடுக்கக் கட்டும் உறைகள் பெரும்பாலும் அந்த 40-ஐ ஒட்டித்தான் ஓடுகின்றன. நார்மாடெக், தெராபாடி ஜெட்பூட்ஸ் போன்றவை 100, 110-ல் நின்றுவிடுகின்றன. ராப்பிட் ரீபூட் 200 வரை போகிறது. உங்கள் பிபியின் கீழ் எண் 80 என்றால், 80-ஐத் தாண்டும் ஒவ்வொரு அழுத்தலிலும் காலுக்கு வருகிற ரத்தத்தின் ஒரு பங்கையும் சேர்த்து நிறுத்துகிறீர்கள். ஆரோக்கியமான காலுக்குச் சில வினாடி தாங்கும், விட்டதும் ரத்தம் பாயும்போது இதமாகக்கூட இருக்கும். ஆனால் கூடக் கூட நல்லது என்று எந்த ஆய்வும் எனக்குக் காட்டவில்லை.

நான் வைப்பது 60-க்கும் 80-க்கும் நடுவில். விரல் மரத்துப்போனால், நீலம் பாய்ந்தால், அழுத்தம் அதிகம். வலி எடுத்தால் நிறுத்திவிடுங்கள். "வலித்தால்தான் வேலை செய்யுது" என்பது இங்கே பொருந்தாது.

ஓட்டக்காரி | 5 நவம்பர் 2024, இரவு 9:00

இப்போது எதை வாங்குவது. பாலா கேட்டது இதைத்தான், நான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

அறைகளின் எண்ணிக்கைக்குக் காசு கொடுக்காதீர்கள். நாலு அறை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி தைத்திருந்தால், இடைவெளி விட்டுத் தைத்த எட்டு அறையைவிட நல்லது. இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் சதை வளையமாகப் பிதுங்கும், கழற்றிய பிறகு காலில் வரி வரியாகத் தெரியும். எனக்குத் தெரிந்த கடை ஒன்றில் பெருமையாகக் காட்டிய எட்டு அறை மாடல் அப்படித்தான் இருந்தது.

அளவு. பேசப்படாத விஷயம் இது. பெரும்பாலான பூட்ஸ் வெள்ளைக்காரன் உயரத்துக்குத் தைத்தது. நான் ஐந்தடி இரண்டங்குலம். ஸ்டாண்டர்ட் அளவு போட்டால் முழங்காலுக்கான அறை தொடையில் வந்து நிற்கும், மேல் அறை இடுப்பு மடிப்பில் குத்தும், பாதத்தில் ஒரு சாண் காலியாகக் கிடக்கும். காலி இடத்தில் காற்று ஏறினால் அழுத்தம் எங்கே போகும்? கவட்டையிலிருந்து குதிகால் வரை டேப் வைத்து அளந்து, விற்பவரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். தொடைச் சுற்றளவும் முக்கியம். ஸ்குவாட் போடுகிற பிள்ளைகளுக்குத் தொடை பெருத்திருக்கும், ஜிப் மூடாது, மூடினாலும் காற்று ஏறும்போது ஜிப்தான் முதலில் பிரியும்.

ஆறாயிரம் ரூபாய்ப் பொருளில் பெரும்பாலும் அழுத்தம் எவ்வளவு என்றே அட்டையில் இருக்காது. "ஸ்ட்ராங், மீடியம், சாஃப்ட்" என்று மூன்று பொத்தான். எண் போடாத பொருளை வாங்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. எண் தெரிந்தால்தான் டாக்டரிடம் கேட்க முடியும், பிசியோவிடம் கேட்க முடியும்.

கடையில் வாங்கினால் ஒரு சோதனை: காலை உள்ளே வைத்துக் காற்று முழுதாக ஏறியபோது பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். காற்று உடனே இறங்க வேண்டும். இறங்காமல் இறுக்கிக்கொண்டே நின்றால் வாங்காதீர்கள். நம்மூரில் கரண்ட் போகும். பேட்டரி மாடலில் நிறுத்து பொத்தானை அழுத்திப் பாருங்கள், ஜிப்பை ஒரு கையால் படுத்தபடியே எட்ட முடிகிறதா என்றும் பாருங்கள்.

சர்வீஸ். குழாய் இணைப்பும் ஜிப்பும்தான் முதலில் போகும். அவை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

ஓட்டக்காரி | 6 நவம்பர் 2024, காலை 5:50

இன்னொன்று சேர்க்கிறேன். வாங்குவதற்கு முன் பிசியோ கிளினிக்கில் போட்டுப் பாருங்கள். கோவையில் பல இடங்களில் இருக்கிறது, ஒரு தடவைக்குச் சில நூறு ரூபாய். மூன்று நான்கு தடவை நீள ஓட்டத்துக்குப் பிறகு போய்ப் படுத்தால், உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று உங்கள் காலே சொல்லிவிடும். சிலருக்குப் பிடிப்பதே இல்லை, மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது என்கிறார்கள். என் வீட்டுக்காரர் அந்த ரகம்.

ஓட்டக்காரி | 6 நவம்பர் 2024, இரவு 10:40

கோவை கணபதி பகுதியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, எங்க அம்மாவுக்கும் கால் வீங்குது, சுகர் இருக்கு. எனக்கு வாங்கினா அவங்களுக்கும் ஆச்சுன்னு பாக்கறேன். போடலாமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் மருத்துவப் பொருள் என்று முன்பே எழுதி வைத்தேன். மேலே உள்ளதை யாரும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

நம் வீடுகளில் இப்படி ஒரு பொருள் வந்தால் அது ஒருத்தருக்கான பொருளாக இருக்காது. அம்மா போடுவார், மாமனார் போடுவார், பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து "எனக்கும் ரெண்டு நிமிஷம் வெச்சு விடு கண்ணு" என்பார். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து இவர்களுக்குத்தான்.

என் அத்தைக்கும் சர்க்கரை. பூட்ஸ் வந்த அன்றே ஆசையாகக் கேட்டார். டாக்டரிடம் காட்டிவிட்டுப் போடலாம் அத்தை என்றேன். முகம் வாடிவிட்டது. ஆனாலும் அழைத்துப் போனேன். டாக்டர் இரண்டு விஷயம் பார்த்தார். ஒன்று, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா: மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டார். சர்க்கரையில் உணர்ச்சி குறைந்திருந்தால் பூட்ஸ் இறுக்குவது தெரியாது, தோல் கன்றுவது தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். இரண்டு, காலுக்கு ரத்தம் ஒழுங்காக வருகிறதா: கணுக்காலில் பிபி, கையில் பிபி, கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்தார். 0.9-க்குக் கீழே என்றால் தமனியில் அடைப்பு இருக்கலாம். ஏற்கெனவே ரத்தம் குறைவாக வருகிற காலை வெளியிலிருந்து நெரித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குத் தமனிச் சுவர் கெட்டிப்பட்டு அந்த எண் பொய்யாகக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு, அதனால் எண்ணை மட்டும் வைத்து நாமே முடிவுசெய்யக் கூடாது.

அப்புறம் வீக்கம் எதனால் என்பது. இதயம் பலவீனமாக இருந்தால் கால் வீங்கும். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு எதுவாகவும் இருக்கலாம். பிபிக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையாலும் கணுக்கால் வீங்கும், நம்மூரில் எத்தனை பேர் அதைச் சாப்பிடுகிறார்கள்! அந்த வீக்கத்துக்கு மாத்திரையை மாற்றுவது டாக்டர் வேலை, பூட்ஸ் வேலை இல்லை. இதயம் திணறிக்கொண்டிருப்பவருக்குக் காலில் தேங்கிய நீரையெல்லாம் ஒரேயடியாக மேலே தள்ளினால் அதைத் தாங்க வேண்டியது அந்த இதயம்தான்.

காலில் ஆறாத புண், தோலில் சிவந்து சூடான தொற்று, எலும்பு முறிவு, காலிலோ நுரையீரலிலோ ரத்த உறைவு, இவை இருந்தால் போடவே கூடாது.

அத்தைக்கு டாக்டர் வேண்டாம் என்றார். மாலையில் நடக்கச் சொன்னார், படுக்கும்போது காலுக்குத் தலையணை வைக்கச் சொன்னார். இப்போது நான் பூட்ஸ் போட்டுக் கிடக்கும்போது அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நாடகம் பார்ப்பார்.

தங்கை, அம்மாவை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை வாங்கினாலும் அலமாரியில் பூட்டி வையுங்கள்.

ஓட்டக்காரி | 7 நவம்பர் 2024, காலை 6:10

நேற்று விட்டது: வெரிகோஸ் இருந்தால் போடலாமா என்று இரண்டு பேர். வெறும் வெரிகோஸ் என்றால் பல டாக்டர்கள் அனுமதிக்கிறார்கள். கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்திருந்தாலோ, நரம்பு கயிறு மாதிரி கெட்டியாகி வலித்தாலோ முதலில் டாப்ளர் ஸ்கேன் (சிரைகளில் ரத்தம் ஓடுவதைப் பார்ப்பது). கர்ப்பிணிகள் கேட்காமல் போட வேண்டாம்.

ஓட்டக்காரி | 19 நவம்பர் 2024, இரவு 8:30

அமெரிக்கா விஷயம். பாலா நினைவூட்டினார்.

சார்ஜரில் "100-240" என்று அச்சிட்டிருந்தால் இங்கே பிளக் மட்டும் மாற்றினால் போதும். "110" அல்லது "120" என்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள், நம் 230-ல் செருகினால் போய்விடும். பேட்டரி உள்ள மாடல் என்றால் மச்சானைக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். விமானத்தில் லித்தியம் பேட்டரிக்கு 100 வாட்-மணி வரை தடையில்லை. பேட்டரியில் வோல்ட்டும் ஆம்பியர்-மணியும் போட்டிருக்கும், பெருக்கிப் பாருங்கள்: 14.4 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 72.

விலையில் மிச்சம் ஆகலாம். ஆனால் அங்கே வாங்கிய பொருளுக்கு வாரண்டி பெரும்பாலும் அங்கேதான். எங்கள் குழுவில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து எடுத்துவந்த ஜோடி, வாரண்டிக் காலத்துக்குள்ளேயே ஒரு காலில் காற்றுப் போகத் தொடங்கியது. திருப்பி அனுப்பும் செலவைக் கேட்டுவிட்டு அப்படியே பரணில் வைத்துவிட்டார். அளவையும் இங்கே போட்டுப் பார்க்க முடியாது. நான் இங்கேயே வாங்கினேன், நடுத்தர விலையில். அதையே சொல்வேன்.

ஓட்டக்காரி | 2 டிசம்பர் 2024, காலை 7:00

"ஐஸ் பாத் நல்லதா பூட்ஸ் நல்லதா?" தசை வளர்க்க எடை தூக்குபவர் என்றால் ஐஸ் டிரம்மில் தினமும் இறங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 12 வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் குளிர்ந்த நீரில் இறங்கியவர்களுக்குத் தசையும் பலமும் குறைவாகவே கூடின. காற்று பூட்ஸுக்கு அப்படி ஒரு கெடுதல் சொல்லி நான் எதையும் பார்க்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் பூட்ஸ் பக்கம் நிற்கிறேன்.

ஓட்டக்காரி | 9 ஜனவரி 2025, இரவு 9:20

சென்னை மாரத்தான் ஓடிவிட்டு வந்தேன். விடியும் முன்பே தொடங்கிவிடுகிறார்கள், இருந்தாலும் முடிக்கும்போது அந்தப் புழுக்கம் ஆளை உருக்கிவிட்டது. மதியமே ரயிலேறி உட்கார்ந்தபடி கோவை வரை.

அந்தப் பயணத்தில் எழுத வேண்டும் என்று தோன்றியது. நீள ஓட்டம், உடம்பில் நீர் வற்றியிருக்கும், அப்படியே ரயிலிலோ பஸ்ஸிலோ மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்கிறோம். ரத்தம் உறைவதற்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது. இளைஞர்களுக்கு அபூர்வம்தான், ஆனாலும் நடக்கிறது. இரண்டு காலும் ஒரே மாதிரி வலித்தால் அது ஓட்டத்தின் வலி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக, அழுத்தினால் வலியாக இருந்தால் பூட்ஸை எடுக்காதீர்கள், நீவியும் விடாதீர்கள். அன்றே மருத்துவமனை. உறைந்த கட்டி அங்கிருந்து கிளம்பினால் நேராக நுரையீரல். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் 108.

ரயிலில் நான் மணிக்கொரு தரம் எழுந்து பெட்டி நெடுக நடந்தேன். எதிர் இருக்கைப் பெரியவர் "சும்மா உட்காரம்மா, காலையிலதான ஓடின" என்று அக்கறையாகச் சொன்னார். அவரையும் ஒரு நடை கூட்டிப்போனேன்.

இரவு வீட்டில் பூட்ஸ், அரை மணி நேரம். நன்றாகத் தூங்கினேன். செவ்வாய்க்கிழமை படியிறங்கும்போது தொடை எப்போதும் போலத்தான் வலித்தது.

ஓட்டக்காரி | 11 ஜனவரி 2025, பிற்பகல் 2:15

மேலே மசாஜைப் பற்றி ஒரு வரியில் போய்விட்டேன், அது போதாது. 2018-ல் பிரான்ஸைச் சேர்ந்த குழு ஒன்று 99 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தசைவலிக்கும் அசதிக்கும் முதலிடம் மசாஜுக்கே. இறுக்கமான கம்ப்ரஷன் உடைகளும் வலியைக் குறைக்கும் பட்டியலில் இருந்தன.

ஆகவே பாலா, பணம் இடிக்கிறது என்றால் முட்டிக்குக் கீழ் வரும் கம்ப்ரஷன் சாக்ஸ் ஒரு ஜோடி. மருந்துக்கடையில் அதே மி.மீ. பாதரச அளவில் 15-20, 20-30 என்று எண் போட்டே கிடைக்கும். 15-20 போதும். அதோடு நல்லெண்ணெய் கொஞ்சம் சூடாக்கி, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி நிதானமாக நீவிவிடுங்கள். பிசியோ கைவிரல் செய்கிற வேலையில் பூட்ஸ் செய்யாத ஒன்று இருக்கிறது: எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று விரல் தேடிப்போகும். இயந்திரம் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி அழுத்தும்.

அப்படியென்றால் நீ ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். தினமும் மசாஜுக்குப் போக நேரமும் இல்லை, காசும் இல்லை. இரவு சமையலறை ஒழித்துவிட்டு வந்து படுத்தபடி போட்டுக்கொள்ள எனக்கு இது வசதி. போட்டுவிட்டால் எழ முடியாது, யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். வீட்டுப் பெண்களுக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரிது என்று பெண்களுக்குத் தெரியும். இதையும் பயன் கணக்கில் சேர்க்கிறேன்.

ஓட்டக்காரி | 24 பிப்ரவரி 2025, இரவு 10:00

வெள்ளியங்கிரி திறந்துவிட்டார்கள், அடுத்த கேள்வி மழை தொடங்கிவிட்டது. "மலை ஏறிட்டு வந்தா ஒரு வாரம் நடக்க முடியல, பூட்ஸ் வாங்கலாமா?"

வருடத்துக்கு ஒரு முறை ஏறுபவர் இதற்காக வாங்காதீர்கள். ஏழு மலையும் ஏறும்போது வாங்குவது மூச்சு, இறங்கும்போது வாங்குவது தொடை. முன்பு சொன்ன அதே கதை, தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. அடிவாரத்தில் மூங்கில் தடி விற்கிறார்களே, அது உங்கள் தொடையிலிருந்து எடுக்கிற பாரம் எந்த பூட்ஸும் பின்னால் திருப்பித் தராத அளவு. போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து வாரத்தில் இரண்டு நாள் மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். ஏறுவதற்கு வேண்டுமானால் லிஃப்ட் எடுங்கள், இறங்குவது நடந்து. ஒரு முறை இறக்கத்தில் அடிபட்ட தசை அடுத்த முறை அவ்வளவு அடிபடாது. சில வாரங்கள் அந்தக் காப்பு நிற்கும். ஒரு முறை கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் பக்கம் நீள இறக்கம் ஓடியபோது கால் வலியில் துவண்டே போனது. சில வாரங்களில் அதே பாதையில் மறுபடி ஓடியபோது பாதி வலிகூட இல்லை. நடுவில் பூட்ஸ் எல்லாம் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. மலை இறங்கிய பிறகோ, நீண்ட இடைவெளிக்குப் பின் ஜிம்மில் வெறியாகத் தூக்கிய பிறகோ, சிறுநீர் கறுத்துக் கோலா நிறத்தில் போனால், தொடை கல் மாதிரி வீங்கினால், அது சாதாரண வலி அல்ல. தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது. பூட்ஸ், எண்ணெய், ஒத்தடம் எதுவும் வேண்டாம். உடனே மருத்துவமனை போய்ச் சேருங்கள்.

பீளமேடு பாலா | 8 மார்ச் 2025, இரவு 9:15

அக்கா, பிசியோகிட்ட நாலு தடவை போட்டுப் பாத்தேன். ராத்திரி நல்லா இருந்துச்சு. இங்கயே நாலு அறை, 100 வரைக்கும் போறது, குட்டை அளவு வாங்கிட்டேன். பிளக்க புடுங்கிப் பாத்தேன், கடைக்காரர் ஒரு மாதிரி பாத்தார், ஆனா காத்து இறங்கிடுச்சு. அப்பாவுக்கு பிபி மாத்திரை இருக்கு, அவர டாக்டர கேக்காம தொட வேண்டாம்னு சொல்லிட்டேன். எப்படி சுத்தம் பண்றது? உள்ள வியர்வ வாடை வருது.

ஓட்டக்காரி | 9 மார்ச் 2025, காலை 6:05

நல்ல வேலை தம்பி. அப்பா விஷயத்தில் அப்படியே உறுதியாக இருங்கள்.

குளித்துவிட்டுப் போடுங்கள், ஓடி வந்த காலோடு வேண்டாம். உள்ளே மெல்லிய பருத்தி பைஜாமாவும் சாக்ஸும் போட்டுக்கொண்டால் வியர்வை பையில் இறங்காது. சாக்ஸில் மடிப்பு இல்லாமல் இழுத்துவிடுங்கள், மடிப்பிருந்தால் அந்த இடத்தில் தோல் கன்றும். மெஷினில் துவைக்கவே கூடாது. முடித்ததும் ஈரத் துணியில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு உள்பக்கம் துடைத்து, ஜிப்பை முழுக்கத் திறந்து மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் உள்ளே காற்றுப்பை விறைத்து வெடிக்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். குழாயை மடக்கிச் சொருகாதீர்கள், பெரிய வட்டமாகச் சுற்றி வையுங்கள். ஜிப்பில் எப்போதாவது மெழுகுவத்தியை ஒரு தேய் தேய்த்தால் நன்றாக ஓடும்.

இருபதிலிருந்து முப்பது நிமிடம். அதற்கு மேல் போட்டால் மேலும் கிடைக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. போட்டபடி தூங்கிவிடுகிற ஆள் என்றால் தானாக நிற்கும் நேரத்தை வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கணபதித் தங்கை, அம்மாவை டாக்டரிடம் காட்டினீர்களா? எழுதுங்கள்.